கிறிஸ் ஸ்குவயர்

கிறிஸ் ஸ்குவயர் (மார்ச் 4, 1948 – ஜூன் 27, 2015) இங்கிலாந்தைச் சேர்ந்த ராக் இசைக்கலைஞர், பேஸ் கிட்டார் வாசிப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆவார். இவரது முழுப்பெயர் கிறிஸ்டோபர் ரசல் எட்வர்ட் ஸ்குவயர். 1968 ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய யெஸ் என்னும் முற்போக்கு ராக் இசைக்குழுவை நிறுவியவர்களுள் ஒருவர். அக்குழுவில் பாடகர்களும் கிட்டார் கலைஞர்களும் விசைப்பலகைக் கலைஞர்களும் டிரம்ஸ் கலைஞர்களும் பலமுறை மாறினர். தொடக்கம் முதல் தாம் இறக்கும் வரை விலகாமல் இருந்தவர் ஸ்குவயர் ஒருவரே. 2014 வரை யெஸ் என்ற பெயரில் வந்த ஒவ்வொரு கலையக இசைத்தொகுப்பிலும் இவரது வாசிப்பு உள்ளது.

ராக் இசையில் பேஸ் கிட்டார் பெரும்பாலும் பின்னணிக் கருவியாகவே கருதப்பட்டு வந்தது. ஸ்குவயர் அதனைப் பாடகரின் குரலுக்கும் முதன்மைக் கிட்டாருக்கும் நிகரான ஒரு தனிக்குரலாக வாசித்தார். இவரது ஒலி அடியில் கனமும் மேலே உலோகம் போன்ற கூர்மையும் உடையது. ஓரளவு பழகிய காதுகள் ஒரு பாடலின் முதல் சில நொடிகளிலேயே அதனை இனங்கண்டுவிடும்.

இளமையும் தேவாலய இசையும்

ஸ்குவயர் வடமேற்கு இலண்டனில் உள்ள கிங்ஸ்பெரி என்னும் பகுதியில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார். அக்குழுவைப் பயிற்றுவித்தவர் பேரி ரோஸ். பிற்காலத்தில் கில்ஃபோர்ட் பேராலயத்திலும் இலண்டன் புனித பவுல் பேராலயத்திலும் பணியாற்றிப் பெயர் பெற்ற இசை இயக்குநர் இவர். கடுமையான பயிற்சியாலும் இடைவிடாத ஒத்திகையாலும் சாதாரணச் சிறுவர்களைக் கொண்டே சிறந்த குழுவை உருவாக்க முடியும் என்பதை ரோசிடம் கற்றதாக ஸ்குவயர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

இவரது வாசிப்பைப் புரிந்துகொள்ள இந்தத் தேவாலயப் பயிற்சியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆங்கிலத் தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு வகைக் குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடும். மிகத் தாழ்ந்த குரலுக்கும் தனக்கென ஒரு மெட்டு உண்டு. அது மேற்குரலின் நிழலாக மட்டும் செல்வதில்லை. சில இடங்களில் எதிர்த்திசையில் செல்லும், சில இடங்களில் மேற்குரல் நிற்கும்போது தான் நகரும். இத்தகைய இசையைக் கேட்டும் பாடியும் வளர்ந்த சிறுவன் பின்னர் பேஸ் கிட்டாரை எடுத்தபோது, அதற்கும் ஒரு மெட்டு இருக்க வேண்டும் என்று எண்ணியது இயல்பே.

ஸ்குவயர் ஹேபர்டாஷர்ஸ் ஆஸ்க்ஸ் பள்ளியில் பயின்றார். பீட்டில்ஸ் குழுவின் எழுச்சி இவரை ராக் இசையின்பால் ஈர்த்தது. உயரமும் பெரிய கைகளும் உடையவர் என்பதால் பேஸ் கிட்டார் பொருந்தும் என்று பள்ளி நண்பர் ஒருவர் கூறியதே அக்கருவியைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. 1964 ஆம் ஆண்டில் முடியை நீளமாக வளர்த்ததற்காகப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். முடிவெட்டிக்கொண்டு வருமாறு பணமும் கொடுத்து அனுப்பினர். அவர் முடியையும் வெட்டவில்லை, பள்ளிக்கும் திரும்பவில்லை.

பின்னர் பூசி அண்ட் ஹாக்ஸ் என்னும் இசைக்கருவி நிறுவனத்தின் இலண்டன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பணியாளர்களுக்குரிய விலைத் தள்ளுபடியில் 1965 இல் அமெரிக்கத் தயாரிப்பான ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினார். ரோஸ் மோரிஸ் நிறுவனம் பிரித்தானியாவுக்கு இறக்குமதி செய்த ஆர்.எம். 1999 என்னும் வகை அது. அமெரிக்காவில் 4001 எஸ் எனப்படும் வகைக்கு ஈடானது. அந்நாட்டுக்கு வந்த முதற்சில கருவிகளுள் ஒன்று. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அதுவே இவரது முதன்மைக் கருவியாக இருந்தது.

தொடக்க காலக் குழுக்கள்

பாடகர் குழுவில் உடன் பாடிய ஆண்ட்ரூ ஜாக்மேனுடன் இணைந்து தி செல்ஃப்ஸ் என்ற குழுவில் வாசிக்கத் தொடங்கிய ஸ்குவயர், அடுத்து தி சின் என்ற குழுவில் இருந்தார். சின் குழு இலண்டன் சோஹோ பகுதியிலிருந்த மார்க்கீ மன்றத்தில் தொடர்ந்து வாசித்தது. 1967 சனவரியில் அங்கு நடந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் நிகழ்ச்சிக்கு முன்னிசை வழங்கியது. அவ்வாண்டு இரண்டு தனிப்பாடல் இசைத்தட்டுகளை வெளியிட்டபின் குழு கலைந்தது.

1967 இல் ஸ்குவயர் எல்.எஸ்.டி. என்னும் மாயத்தோற்றமளிக்கும் போதைப்பொருளை உட்கொண்டு கடும் பாதிப்புக்கு உள்ளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீடு திரும்பிய பின்னரும் அச்சம் நீங்கவில்லை. பல மாதங்கள் வெளியே செல்லத் துணியாமல் தோழியின் குடியிருப்பிலேயே தங்கியிருந்தார். அந்தத் தனிமையில் செய்வதற்கு இருந்தது பேஸ் கிட்டார் பயிற்சி ஒன்றே. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், கிரீம் குழுவின் ஜாக் புரூஸ், பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி ஆகியோரின் வாசிப்பை விரும்பிக் கேட்டு வந்த இவருக்கு, தமக்கென ஒரு பாணி உருவானது இக்காலத்தில்தான். அதன்பின் அவர் அப்போதைப்பொருளைத் தொடவில்லை.

யெஸ் குழுவின் தோற்றம்

1968 மே மாதத்தில் மார்க்கீ மன்றத்துக்கு அருகிலிருந்த லா சாஸ் என்ற மதுவகத்தில் பாடகர் ஜான் ஆண்டர்சனை ஸ்குவயர் சந்தித்தார். அதன் உரிமையாளர் ஜாக் பேரி இருவரையும் அறிமுகப்படுத்தினார். இருவருக்கும் சைமன் அண்ட் கார்ஃபங்கல் இணையரின் இசைவுக் குரல்கள் பிடித்திருந்தன. ஸ்குவயர் அப்போது மேபல் கிரீர்ஸ் டாய்ஷாப் என்ற குழுவில் இருந்தார். அக்குழுவே ஆண்டர்சன், கிட்டார் கலைஞர் பீட்டர் பேங்க்ஸ், விசைப்பலகைக் கலைஞர் டோனி கே, டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட் ஆகியோருடன் அவ்வாண்டு ஆகஸ்டில் யெஸ் ஆயிற்று. நவம்பரில் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த கிரீம் குழுவின் பிரியாவிடை நிகழ்ச்சியில் முன்னிசை வழங்கும் வாய்ப்பும் கிடைத்தது.

முதல் இரண்டு இசைத்தொகுப்புகள் பெரிதாக விற்கவில்லை. 1970 இல் பேங்க்சுக்குப் பதிலாக ஸ்டீவ் ஹோவும், 1971 இல் டோனி கேக்குப் பதிலாக ரிக் வேக்மேனும் வந்தபின் குழுவின் பொற்காலம் தொடங்கியது. "தி யெஸ் ஆல்பம்" (1971), "ஃபிராஜைல்" (1971), "குளோஸ் டு தி எட்ஜ்" (1972) ஆகிய மூன்றும் இரண்டே ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை. "ஃபிராஜைல்" தொகுப்பின் முதல் பாடலான "ரவுண்டபவுட்" சுருக்கப்பட்டுத் தனிப்பாடலாக வந்து 1972 இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 13 ஆம் இடத்தைப் பிடித்தது.

ஒலி உருவான விதம்

பேஸ் கிட்டாரில் பொதுவாக நான்கு தந்திகள் உண்டு. அவை சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டப்படும். அவற்றுள் தடித்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் எழும். சிறிய ஒலிபெருக்கிகளால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை வெளிப்படுத்த இயலாது. ஆனால் மீட்டப்பட்ட தந்தி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று மடங்குகளாகச் செல்லும் மேல் அதிர்வுகளும் உடன் எழுகின்றன. அடிச்சுரம் காதில் விழாதபோதும், இம்மேல் அதிர்வுகளைக் கொண்டு மனித மூளை அதனை உணர்ந்துகொள்ளும். எனவே மேல் அதிர்வுகள் வலுவாக உள்ள பேஸ் கிட்டார் வானொலிப் பெட்டியிலும் தெளிவாகக் கேட்கும். 1960களின் பதிவுகள் பலவற்றில் பேஸ் கிட்டார் மங்கி ஒலிப்பதற்கு, அம்மேல் அதிர்வுகள் பதிவிலோ வாசிப்பிலோ அடங்கிப்போனது ஒரு காரணம்.

ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரில் தந்திகளின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் எனப்படும் உறுப்புகள் இரண்டு உள்ளன. ஒன்று கழுத்துப் பகுதியை ஒட்டியும் மற்றொன்று தந்திகள் முடியும் பாலத்தை ஒட்டியும் இருக்கும். கழுத்தருகே தந்தி அகலமாக அதிர்வதால் அங்குள்ள பிக்கப் நிறைவான தாழ்ந்த ஒலியைத் தரும். பாலத்தருகே அதிர்வின் வீச்சு குறைவு. மேல் அதிர்வுகளின் பங்கு அதிகம். எனவே அங்கிருந்து வரும் ஒலி கூர்மையானது. இவ்விரண்டையும் வெவ்வேறு வழிகளில் வெளியே அனுப்பும் வசதி 4001 வகையின் உயர்விலைக் கருவிகளில் இருந்தது. ஸ்குவயர் வாங்கிய வகையில் அது இல்லை. எனவே அவர் தமது கருவியின் உள் கம்பியிணைப்பை மாற்றி அமைத்துக்கொண்டார்.

இம்மாற்றத்தின் பயன் பெரிது. தாழ்ந்த ஒலி வழக்கமான பேஸ் பெருக்கி ஒன்றுக்குச் சென்றது. கூர்மையான ஒலி முதன்மைக் கிட்டாருக்குரிய தனிப் பெருக்கிக்குச் சென்றது. இரண்டாவது பெருக்கியின் ஒலியளவை அதன் எல்லைக்கு அப்பால் உயர்த்தினால் மின்குறிப்பின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒருவித உறுமல் பிறக்கும். கிட்டார் கலைஞர்கள் விரும்பும் உருத்திரிபு இதுவே. முழு பேஸ் ஒலியையும் இவ்வாறு திரித்தால் அடிப்பகுதி கலங்கிச் சேறுபோல் ஆகிவிடும். பிரித்து அனுப்பியதால் அடிப்பகுதி தெளிவாகவும் மேற்பகுதி உறுமலுடனும் ஒரே நேரத்தில் ஒலித்தன. எளிய ஏற்பாடுதான். ஆனால் இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிப்பது போன்ற தோற்றத்தை அது ஏற்படுத்தியது. முதன்மைக் கிட்டார் சற்று ஓய்ந்தாலும் யெஸ் பாடல்களில் வெறுமை தோன்றாமைக்கு இது முக்கியக் காரணம்.

ஏனைய கூறுகளும் உண்டு. ஸ்குவயர் வழவழப்பான தந்திகளுக்குப் பதிலாக வட்டக்கம்பி சுற்றப்பட்ட ரோட்டோசவுண்ட் தந்திகளைப் பயன்படுத்தினார். இவை பியானோவின் தாழ்ந்த தந்திகள் போன்று ஒலிப்பவை. பேஸ் கலைஞர்கள் பலர் விரல்களால் மீட்டியபோது இவர் பிக் எனப்படும் சிறு தகட்டால் மீட்டினார். அதனை மிகக் குறுகலாகப் பிடித்ததால், தகடு தந்தியைத் தாக்கிய மறுகணமே கட்டைவிரலின் ஓரம் அதே தந்தியை உரசும். அடிச்சுரம் சற்று அடங்க, மேல் அதிர்வு ஒன்று துளிர்த்து நிற்கும். அவர் ஒலியில் உள்ள சொடுக்குப் போன்ற தொடக்கம் பெரும்பாலும் கையிலிருந்தே வந்தது. அதே வகைக் கருவியை வாங்கியவர்கள் பலருக்கும் அதே ஒலி அமையாததற்கும் இதுவே விளக்கம்.

அக்கருவிக்கும் ஒரு கதை உண்டு. 1960களின் மலர் மோகத்தில் ஸ்குவயர் அதன்மீது பூப்போட்ட சுவர்க்காகிதத்தை ஒட்டினார். பின்னர் அதனை நீக்கித் தேய்த்து மீண்டும் வண்ணம் பூசியபோது மரத்தின் ஒரு பகுதியும் தேய்ந்துபோயிற்று. இறுதியில் பாலேட்டு நிறத்தில் எடை குறைந்த கருவியாக அது நின்றது. ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1991 இல் அதன் மாதிரியில் ஸ்குவயர் பெயர் தாங்கிய சிறப்புப் பதிப்பை வெளியிட்டது.

வாசிப்பு முறை

"ஃபிராஜைல்" தொகுப்பின் இறுதிப் பாடலான "ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்" ஸ்குவயரின் வாசிப்பை அறிய மிகச் சிறந்த தொடக்கம் எனலாம். கிட்டாரும் பேசும் டிரம்சும் ஒன்றாகப் பாய்ந்து வரும் வேகமான சொற்றொடருடன் அது தொடங்குகிறது. சட்டென்று கிட்டார் நின்றுவிடுகிறது. பேஸ் மட்டும் அமைதியான ஒரு மெட்டைச் சுற்றிச்சுற்றி வாசிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் கூடுகிறது, அல்லது ஓரிடம் தள்ளி விழுகிறது. புரூஃபோர்டின் டிரம்ஸ் அதனோடு உரையாடுவது போல் இடையிடையே நுழைகிறது. பின்னணியில் விசைப்பலகையின் ஒலி மெல்ல எழுகிறது. பாடகர் வாயைத் திறப்பதற்குள் மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடிவிடுகின்றன. இப்பகுதியில் முதன்மை மெட்டு எது என்று கேட்டால் பேஸ் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

"ரவுண்டபவுட்" பாடலில் செய்வது வேறு. அங்கு பேஸ் குறுகிய, அறுத்தாற்போன்ற சுரங்களால் துள்ளுகிறது. தாள அடியின்மீது விழ வேண்டிய சுரங்கள் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ விழுகின்றன. சுரங்களுக்கு இடையே விடப்படும் மௌனமே பாடலை நடத்திச் செல்கிறது. ஸ்குவயர் அதிகமாக வாசிப்பவர் என்ற குறை சிலரால் கூறப்படுவதுண்டு. இப்பாடலைக் கவனித்துக் கேட்டால் எங்கு நிறுத்த வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது விளங்கும்.

அதே தொகுப்பில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு தனிப்படைப்பைச் சேர்த்தனர். ஸ்குவயரின் பங்கு "தி ஃபிஷ்" என்னும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த சிறு படைப்பு. அதில் கேட்கும் தாளக்கட்டு, இடைச்சொற்றொடர், மெட்டு ஆகிய யாவும் பேஸ் கிட்டாரின் வெவ்வேறு ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து உருவாக்கப்பட்டவை. முடிவில் மிகச் சிறிய மீனினம் ஒன்றின் அறிவியற்பெயர் மந்திரம் போல் திரும்பத்திரும்பப் பாடப்படுகிறது. ஸ்குவயருக்கு மீன் என்ற பட்டப்பெயர் இருந்தது. குளியலறைக்குள் சென்றால் நெடுநேரம் வெளியே வரமாட்டார் என்பதால் நண்பர்கள் வைத்த பெயர் அது.

18 நிமிடங்களுக்கு மேல் நீளும் "குளோஸ் டு தி எட்ஜ்" பாடலில் பாடகர் குழுப் பயிற்சியின் பயன் நேரடியாகவே தெரிகிறது. அதன் நடுப்பகுதியில் வேகம் முழுவதும் அடங்கிவிடும். ஆண்டர்சன் ஒரு மெட்டைப் பாட, ஸ்குவயரும் ஹோவும் வேறு சொற்களை வேறு மெட்டில் பாடுகின்றனர். அதன்பின் ஒரு தேவாலயக் குழாய் ஆர்கன் முழங்குகிறது. யெஸ் குழுவின் இசைவுக் குரல்களில் ஸ்குவயரின் பங்கு பலராலும் கவனிக்கப்படாத ஒன்று. மேடையில் சிக்கலான பேஸ் வரிகளை வாசித்துக்கொண்டே, அவற்றோடு தாளத்தில் ஒட்டாத குரல் வரிகளையும் பாடினார். சில பாடல்களில் காலால் இயக்கும் பேஸ் மிதிகளும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு நுணுக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஸ்குவயர் எதையும் மெதுவாகவே செய்பவர். ஒத்திகைகளுக்கும் பயணங்களுக்கும் தாமதமாக வருவதில் பெயர் பெற்றவர். அட்விஷன் கலையகத்தில் "குளோஸ் டு தி எட்ஜ்" சில நொடித் துண்டுகளாகப் பதிவு செய்யப்பட்டு ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டி உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டின் ஒலியளவு குறித்தும் விவாதம் நீண்டது. கணத்தில் தோன்றும் ஜாஸ் இசையை விரும்பிய புரூஃபோர்டுக்கு இது சலிப்பூட்டியது. குழு புகழின் உச்சியை நெருங்கிய வேளையில், 1972 கோடையில், அவர் விலகிக் கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்தார். அவரது இடத்துக்கு ஆலன் ஒயிட் வந்தார். புரூஃபோர்ட் பேசின் வரிகளுக்கு இடையில் புகுந்து வாசித்தவர். ஒயிட் அவற்றுக்கு அடியில் உறுதியான தளம் அமைத்தவர். இரண்டில் எது சிறந்தது என்பதில் இரசிகர்கள் ஒருமித்ததில்லை. ஆனால் ஸ்குவயரும் ஒயிட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாசித்தனர்.

பின்னாளில் ஸ்குவயர் வேறு கருவிகளையும் ஒலிகளையும் முயன்றார். "கோயிங் ஃபார் தி ஒன்" (1977) தொகுப்பின் "அவேக்கன்" பாடலை மேடையில் வாசிக்க மூன்று கழுத்துகள் கொண்ட பேஸ் கிட்டாரைப் பயன்படுத்தினார். "டிராமா" (1980) தொகுப்பின் "டெம்பஸ் ஃபியூஜிட்" பாடலில் அலைபோல் சுழலும் ஒலி விளைவுடன் மிக வேகமாக வாசித்திருப்பது பேஸ் பயில்வோருக்கு இன்றும் ஒரு தேர்வு போன்றது.

தனி இசைத்தொகுப்பு

1974 இல் வெளிவந்த "ரிலேயர்" தொகுப்புக்குப் பின் யெஸ் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு தனித்தொகுப்பை உருவாக்க முடிவு செய்தனர். ஸ்குவயரின் "ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்" 1975 நவம்பரில் வெளிவந்து பிரித்தானிய வரிசையில் 25 ஆம் இடத்தை எட்டியது. ஐந்து பாடல்களே கொண்ட இத்தொகுப்பில் முதன்மைக் கிட்டாருக்கு ஏறத்தாழ இடமே இல்லை. வழக்கமாகக் கிட்டார் நிற்கும் இடத்தில் பேஸ் நிற்கிறது. அதனைச் சுற்றிச் சேர்ந்திசைக் குழுவின் நரம்புக்கருவிகளும் காற்றுக்கருவிகளும் அமைகின்றன.

இத்தொகுப்பில் பங்கேற்றவர்களைப் பார்த்தால் ஸ்குவயரின் வாழ்க்கை முழுவதும் ஓரிடத்தில் கூடியது போல் தோன்றும். சேர்ந்திசையை அமைத்தவர் பாடகர் குழு நண்பரான ஆண்ட்ரூ ஜாக்மேன். முதல் பாடலில் புனித பவுல் பேராலயத்தின் குழாய் ஆர்கனை வாசித்தவர் பழைய ஆசிரியர் பேரி ரோஸ். டிரம்ஸ் வாசித்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் பொறுமையிழந்து விலகிய பில் புரூஃபோர்ட். யெஸ் குழுவின் தொகுப்புகள் பலவற்றைவிட இது குறைவாகவே அறியப்பட்டது. எனினும் பேஸ் கிட்டாரை மையமாகக் கொண்டு, வித்தை காட்டும் தனிவாசிப்புகளாகச் சிதறாமல், முழுமையான பாடல்களை அமைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

குழுவின் பெயரும் பூசல்களும்

1980 இல் ஆண்டர்சனும் வேக்மேனும் விலகினர். ட்ரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்சும் வந்து ஒரு தொகுப்பு வெளியானபின் 1981 இல் குழு கலைந்தது. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜுடன் ஸ்குவயரும் ஒயிட்டும் தொடங்கிய முயற்சி முழுமை பெறவில்லை. பின்னர் இருவரும் தென்னாப்பிரிக்கக் கிட்டார் கலைஞர் ட்ரெவர் ராபினுடன் சினிமா என்ற பெயரில் புதிய குழுவை அமைத்தனர். டோனி கேயும் ஆண்டர்சனும் திரும்பி வந்தமையால் அது மீண்டும் யெஸ் ஆயிற்று. ஹார்ன் தயாரித்த "90125" (1983) தொகுப்பின் "ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்" பாடல் 1984 சனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. யெஸ் குழுவுக்கு அங்குக் கிடைத்த ஒரே முதலிடம் இதுவே. இதில் ஸ்குவயரின் வாசிப்பு எளிமையானது, இறுக்கமானது. பழைய இரசிகர்களுள் சிலர் ஏமாற்றமடைந்தாலும், அத்தொகுப்பின் குரலிசைவுகளில் அதே பழைய பாடகர் குழுச் சிறுவனைக் கேட்க முடிகிறது.

1989 இல் ஆண்டர்சன், புரூஃபோர்ட், வேக்மேன், ஹோ ஆகிய நால்வரும் இணைந்து ஒரு தொகுப்பை வெளியிட்டனர். "ஃபிராஜைல்" காலத்து ஐவரில் நால்வர் இருந்தும் யெஸ் என்ற பெயரை அவர்களால் பயன்படுத்த இயலவில்லை. அப்பெயர் ஸ்குவயர் இருந்த அணியிடம் இருந்தது. வழக்கறிஞர்கள் தலையிடும் அளவுக்குப் பூசல் முற்றியது. 1991 இல் இரு அணிகளும் இணைக்கப்பட்டு எண்மர் கொண்ட குழுவாக "யூனியன்" தொகுப்பு வெளிவந்தது. 2008 இல் ஆண்டர்சன் மூச்சுக் கோளாறால் பாட இயலாத நிலையில், அவர் மீளும் வரை காத்திராமல் பெனுவா டேவிட் என்ற கனேடியப் பாடகருடன் குழு பயணத்தைத் தொடர்ந்தது. குழுவைக் காப்பாற்றியவர் ஸ்குவயர் என்று ஒரு சாராரும், நண்பரைக் கைவிட்டவர் என்று மறு சாராரும் கூறினர். மனிதர்கள் மாறினாலும் இசைக்குழு ஒரு சேர்ந்திசைக் குழுவைப் போல் தலைமுறைகளைக் கடந்து நிலைக்க வேண்டும் என்பது ஸ்குவயரின் நிலைப்பாடு. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவருக்கு அது விந்தையான எண்ணமாகத் தோன்றியிருக்காது. ஆண்டர்சனின் தரப்பில் நின்று பார்ப்போருக்கு வலி புரியும்.

யெஸ் பணிகளுக்கு இடையே பில்லி ஷெர்வுட்டுடன் கான்ஸ்பிரசி என்ற பெயரிலும், ஜெனிசிஸ் குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட்டுடன் ஸ்குவாக்கெட் என்ற பெயரிலும் இசைத்தொகுப்புகளை வெளியிட்டார்.

இறுதிக்காலம்

2015 மே மாதத்தில் ஸ்குவயருக்கு அரிய வகைக் குருதிப்புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சை பெறுவதற்காக அவ்வாண்டு கோடைப் பயணத்தில் பங்கேற்க மாட்டார் என்றும், அவருக்குப் பதிலாக ஷெர்வுட் வாசிப்பார் என்றும் அறிவிக்கப்பட்டது. ஜூன் 27 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் தமது 67 ஆம் அகவையில் காலமானார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் யெஸ் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஸ்குவயர் இன்றி மேடையேறியது. நிகழ்ச்சிகள் தொடங்குமுன் 1978 இல் அவர் எழுதிய "ஆன்வர்ட்" என்ற மென்மையான பாடல் ஒலிக்கவிடப்பட்டது. வாசிப்பவர் எவரும் இன்றி மேடையில் நிறுத்தப்பட்டிருந்த அவரது ரிக்கன்பேக்கரின் மீது விளக்கொளி விழுந்தது.

தாக்கம்

2017 ஏப்ரலில் யெஸ் குழு ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது. பிரிந்திருந்த ஆண்டர்சன், ஹோ, வேக்மேன், ராபின், ஒயிட் ஆகியோர் அம்மேடையில் ஒன்றாக வாசித்தனர். "ரவுண்டபவுட்" பாடலுக்கு ஸ்குவயரின் இடத்தில் நின்று பேஸ் வாசித்தவர் கனடாவின் ரஷ் குழுவைச் சேர்ந்த கெடி லீ. இளமையில் ஸ்குவயரைக் கேட்டே தம் பாணியை அமைத்துக்கொண்டவர் இவர். ரிக்கன்பேக்கரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே தூண்டுதல்.

"ரவுண்டபவுட்" 2012 இல் ஜோஜோஸ் பிசார் அட்வென்சர் என்னும் ஜப்பானிய இயங்குபடத் தொடரின் நிறைவுப் பாடலாகப் பயன்படுத்தப்பட்டது. அதன்வழி, பாடல் பதிவானபோது பெற்றோரே பிறந்திராத இளைஞர்கள் பலர் அந்த பேஸ் ஒலியை முதன்முதலாகக் கேட்டனர்.